குற்றமும் சான்றும்: மணிகளின் உட்பொதிவு பற்றிய அறிவின் வரலாறு

முன்னுரை

மணிகளைப் பற்றிப் பேசும் பழைய இந்திய நூல்கள் குணம், குற்றம் என இரு பட்டியல்களைத் தருகின்றன. நிறம், ஒளி, வடிவு முதலியன குணத்துள் அடங்கும். மணியின் உள்ளே தோன்றும் புள்ளி, கோடு, கருமை, மணல் போன்ற துகள் முதலியன குற்றத்துள் அடங்கும். குற்றம் நீங்கிய மணியே உயர்ந்த மணி என்பது இந்நூல்களின் பொதுக் கொள்கையாகும்.

மணி ஒன்று நிலத்தின் அடியில் வளரும்பொழுது பிற கனிமங்களின் சிறு படிகங்களும், நீர்மத் துளிகளும், வளிமக் குமிழிகளும் அதனுள் சிக்கிக்கொள்வதுண்டு. மணி வளர்ந்து முடிந்த பின்னரும் அதனுள் பிளவுகளும் புதிய படிகங்களும் தோன்றுவதுண்டு. இவை அனைத்தையும் ‘உட்பொதிவு’ என்னும் ஒரு சொல்லால் குறிக்கலாம். பழையோர் குற்றம் என விலக்கிய இவ்வுட்பொதிவு, நுண்ணோக்கியின் வருகைக்குப் பின்னர் மணியின் பிறப்பையும் பிறப்பிடத்தையும் காட்டும் சான்றாக மதிக்கப்பெற்றது. இம்மாற்றம் நிகழ்ந்த முறையை ஆராய்வதும், அதன் ஒளியில் சிலப்பதிகார உரை தரும் குற்றப் பெயர்களை எவ்வாறு பொருள்கொள்வது என்பதைத் தெளிவுபடுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

சிலம்பும் உரையும்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காண்கின்றான். அங்குள்ள வயிரங்கள் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கு குற்றங்களும் நீங்கியவை என்கிறார் இளங்கோவடிகள். மரகதத்திற்கு ஏகை, மாலை, இருள் என்னும் மூன்று குற்றங்கள் சொல்லப்படுகின்றன. இவற்றுள் ஏகை என்பது கோடு. வடமொழி ரேகையின் தமிழ் வடிவம். விந்து என்பது புள்ளி. காகபாதம் என்பது காக்கையின் கால் போன்று கிளைத்த வடிவம். காப்பியப் புலவர் இச்சொற்களுக்கு விளக்கம் தராமலே செல்வதால், அக்காலக் கற்றோர்க்கு இவை பழகிய சொற்களாக இருந்தன என்று கருத இடமுண்டு.

அடியார்க்குநல்லார் உரை இப்பகுதியில் மிக விரிகின்றது. உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை உரையுடன் பதிப்பித்தபொழுது இந்த மணிநூற் செய்திகளும் அச்சேறின. வயிரத்தின் குற்றங்கள் பன்னிரண்டு என்று உரை வகுக்கின்றது. சரைமலம், கீற்று, சப்படி, பிளத்தல், துளை, கரி, விந்து, காகபாதம், இருத்து, கோடியில்லாமை, கோடி முரிதல், தாரை மழுங்கல் என்பன அவை. மரகதத்தின் குற்றங்களுள் கருகல், வெள்ளை, கன்மணல், கீற்று முதலியன இடம்பெறுகின்றன.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் அதனுள் ஓர் ஒழுங்கு புலப்படும். கோடியில்லாமை, கோடி முரிதல், தாரை மழுங்கல் ஆகிய மூன்றும் புறவடிவம் பற்றியவை. வயிரம் இயற்கையில் பெரும்பாலும் எண்முகப் படிகமாகக் கிடைக்கிறது. அதன் முனையும் விளிம்பும் சிதையாதிருத்தல் அக்காலத்தில் சிறப்பாகக் கொள்ளப்பட்டது. கீற்று, பிளத்தல், காகபாதம் ஆகியன பிளவு பற்றியவை. வயிரம் எண்முகத்தின் முகங்களுக்கு இணையான நான்கு திசைகளில் எளிதில் பிளக்கும் இயல்புடையது. வெவ்வேறு திசைப் பிளவுகள் ஓரிடத்தில் கூடும்பொழுது பறவைக்கால் போன்ற தோற்றம் உண்டாகும். காகபாதம் என்பதை அவ்வாறே கொள்ளலாம். கரியும் விந்துவும் மணியின் உள்ளே கிடக்கும் வேற்றுப்பொருள்கள். ஆகவே வடிவம், பிளவு, உட்பொதிவு என்னும் மூன்றையும் பழையோர் வேறுவேறாகக் கண்டிருந்தனர். ஆயினும் மூன்றையும் குற்றம் என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைத்தனர்.

வடமொழி மரபும் விளக்கொளியும்

கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வராகமிகிரரின் பிருகத்சம்கிதை வயிரத்தேர்வுக்கென ஓர் இயலை ஒதுக்குகின்றது. காக்கைக்கால், ஈ, மயிர் ஆகியவற்றைப் போன்ற தோற்றங்களை அது குற்றமாகச் சொல்கின்றது. அவற்றோடு தாது கலந்திருத்தலையும் பரற்கல் துளைத்திருத்தலையும் சேர்த்துரைக்கின்றது. ஈயும் மயிரும் உவமைகள். தாது என்பதோ உவமையன்று. மணிக்குள் மற்றொரு கனிமம் இருக்கக்கூடும் என்ற கருத்து அச்சொல்லில் தெளிவாக உள்ளது. பிரெஞ்சு அறிஞர் லூயி பினோ 1896இல் பாரிசில் வெளியிட்ட இந்திய மணிநூல்களின் தொகுப்பு, இம்மரபு எவ்வளவு பரந்தது என்பதை உலகறியச் செய்தது.

இவ்வுட்பொதிவுகளை வில்லையின்றி எவ்வாறு கண்டனர் என்னும் வினாவுக்குப் பிற்காலச் சான்று ஒன்று விடை தருகின்றது. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்குப் பன்முறை வந்த பிரெஞ்சு வணிகர் தாவர்னியே, தக்காணத்து வயிரச் சுரங்கங்களை நேரில் கண்டு எழுதிய பயணநூல் 1676இல் வெளிவந்தது. ஐரோப்பியர் பட்டை தீட்டாத வயிரத்தைப் பகலொளியில் சோதிக்க, இந்தியர் இரவில் சோதித்தனர் என்று அவர் குறிப்பிடுகின்றார். சுவரில் ஓரடிச் சதுர அளவில் குடைந்த மாடத்தில் பெருந்திரி விளக்கை வைத்து, கல்லை விரல்களுக்கிடையே பிடித்து அதன் நீரோட்டத்தையும் தூய்மையையும் மதிப்பிட்டனர். இருளின் நடுவே ஒரே திசையிலிருந்து வரும் ஒளியில் உள்ளிருக்கும் புள்ளியும் கீற்றும் தனித்துத் தெரியும். இன்றைய மணியியல் நுண்ணோக்கியில் கரும்பின்னணி ஒளியமைப்பு செய்யும் பணியும் இத்தகையதே.

குற்றத்தை மறைக்கும் தொழிலையும் தாவர்னியே விவரிக்கின்றார். கல் தூயதாக இருந்தால் எடை குறையாதவாறு அதன் இயற்கை முகங்களை மட்டும் மெருகிட்டனர். உள்ளே கரும்புள்ளியோ செம்புள்ளியோ இருந்தால் கல் முழுவதும் சிறு பட்டைகளை வெட்டிக் கண்ணுக்குத் தெரியாதவாறு செய்தனர். செம்புள்ளியினும் கரும்புள்ளியையே வணிகர் ஏற்றதால், செம்புள்ளி உள்ள கல்லைச் சுட்டுப் புள்ளியைக் கருக்கினர். பட்டைகளின் எண்ணிக்கையே உட்குற்றத்தின் அடையாளமாயிருந்த ஒரு காலத்தை இச்செய்தி காட்டுகின்றது.

நுண்ணோக்கி தந்த மாற்றம்

உட்பொதிவை விலையோடு மட்டும் பொருத்திப் பார்க்காமல், மணியின் தோற்றத்தோடு பொருத்திப் பார்த்தவர்களுள் முன்னோடி இராபர்ட் பாயில். 1672இல் வெளியான தம் மணிநூலில், மணிகள் ஒரு காலத்தில் நீர்மமாக இருந்து இறுகியவை என்று அவர் வாதிட்டார். வேற்றுப்பொருள்கள் மணிக்குள் அடைபட்டிருத்தல் அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. வலாசுரனின் உடலுறுப்புகளே மணிகளாயின என்று கருடபுராணமும், தமிழில் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற்புராணத்து மாணிக்கம் விற்ற படலமும் கூறும். அங்கும் வினா மணியின் பிறப்பைப் பற்றியதே. பாயில் அவ்வினாவிற்குரிய விடையை மணியின் உள்ளிருந்தே தேடினார் என்பது வேறுபாடு.

1820களில் டேவிட் புரூசுட்டர் புட்பராகம் முதலிய கற்களின் நுண்குழிகளுள் அடைபட்ட நீர்மங்களை ஆராய்ந்தார். என்றி கிளிப்டன் சார்பி 1858இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடித்தளமாயிற்று. நுண்குழியில் நீர்மத்தோடு ஒரு சிறு குமிழி காணப்படுவதேன் என்று அவர் வினவினார். படிகம் வளர்ந்தபொழுது சூடான நீர்மம் குழியை நிறைத்திருந்தது. குளிர்ந்தபொழுது அது சுருங்கியதால் வெற்றிடம் குமிழியாயிற்று. ஆகவே கல்லை மீண்டும் சூடாக்கிக் குமிழி மறையும் வெப்பநிலையைக் கண்டால், படிகம் வளர்ந்த வெப்பநிலையை மதிப்பிடலாம். 1869இல் பட்லர் என்பாருடன் இணைந்து மாணிக்கம், நீலம், வயிரம் ஆகியவற்றின் உள்ளமைப்பையும் சார்பி ஆராய்ந்தார். விந்து எனப்பட்ட ஒரு புள்ளி வெப்பமானியாக மாறிய இடம் இதுவே.

செயற்கை மணியும் இயற்கைச் சான்றும்

அறிவியலாளர் மதித்த உட்பொதிவை வணிகரும் மதிக்கும் நிலையைச் செயற்கை மாணிக்கம் தோற்றுவித்தது. ஓகுசுத்து வெர்னாய் 1902இல் சுடருருக்கு முறையை வெளியிட்டார். அலுமினிய ஆக்சைடுத் தூளைக் கடுஞ்சுடரின் வழியே விழச்செய்து உருக்கிப் படிகமாக வளர்ப்பது அம்முறை. இவ்வாறு பெறும் மாணிக்கம் வேதியியலிலும் கடினத்திலும் ஒளிவிலகலிலும் இயற்கை மாணிக்கத்தை ஒத்தது. பழைய குணப்பட்டியல் எதைக்கொண்டும் இரண்டையும் பிரிக்க இயலாது.

வேறுபாடு உள்ளே இருந்தது. இயற்கைப் படிகம் தட்டையான முகங்களோடு வளர்வதால் அதன் வளர்ச்சிக் கோடுகள் நேராக அமையும். சுடரில் வளரும் படிகத்தின் மேற்புறம் வளைந்திருப்பதால் அதன் கோடுகளும் வளைந்திருக்கும். வளிமக் குமிழிகளும் காணப்படும். இயற்கை மாணிக்கத்திலோ ரூட்டைல் ஊசிகளும் கால்சைட் படிகங்களும் கிடைக்கும். எக்குற்றமும் இல்லாத மாணிக்கமே ஐயத்திற்குரியது என்னும் நிலை உருவாயிற்று. தூய்மை நம்பிக்கைக்கு உரியதாயிருந்தது போய், மாசு நம்பிக்கைக்கு உரியதாயிற்று.

இவ்வறிவை ஒரு துறையாக வளர்த்தவர் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரத்து எடுவர்டு கியூபெலின் (1913–2005). உட்பொதிவைக்கொண்டு மணிகளை அடையாளம் காணும் முறை பற்றிய அவர் நூல் 1953இல் வெளிவந்தது. யான் கோய்வுலாவுடன் இணைந்து அவர் உருவாக்கிய ஒளிப்படத் தொகுப்பின் முதல் பகுதி 1986இல் வெளிவந்தது. மணிக்கு முன்பே இருந்து அதனுள் அடைபட்டவை, மணியோடு உடன் வளர்ந்தவை, மணி தோன்றிய பின் அதனுள் உண்டானவை என உட்பொதிவுகளை மூவகையாகப் பிரித்துக் காண்பது இத்துறையின் அடிப்படை. முன், உடன், பின் என்னும் இக்கால வரிசையே ஒரு மணியின் வாழ்க்கை வரலாறாகும்.

உட்பொதிவு காட்டும் பிறப்பிடம்

குருந்தக் கனிமத்தின் நீலநிற வகையே நீலமணி. தமிழ்க் ‘குருந்தம்’ என்னும் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் இக்கனிமத்தின் பெயராக வழங்குகின்றது. காசுமீரத்தின் பாடர் பகுதியில் ஏறத்தாழ 1881இல் நிலச்சரிவு ஒன்றினால் நீலமணிகள் வெளிப்பட்டன. சில ஆண்டுகளிலேயே சிறந்த கற்கள் எடுக்கப்பட்டுவிட்டன. அம்மணிகளின் பட்டுப்போன்ற மங்கிய ஒளிக்கு, உள்ளே பரவிக் கிடந்து ஒளியைச் சிதறடிக்கும் மிக நுண்ணிய துகள்களே காரணம். பார்கசைட் என்னும் கனிமத்தின் ஊசிகளும் டூர்மலின் படிகங்களும் காசுமீர நீலத்தின் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. பழைய நூல் தாதுக் குற்றம் என்று விலை குறைத்திருக்கக்கூடிய ஓர் ஊசி, இன்று காசுமீரப் பிறப்பை உறுதிசெய்து விலையைப் பன்மடங்கு உயர்த்துகின்றது.

இலங்கை நீலங்களில் நீண்ட ரூட்டைல் ஊசிகளும், கரியமிலம் நிறைந்த நுண்குழிகளும், ஒளிவட்டம் சூழ்ந்த சிர்க்கான் படிகங்களும் காணப்படும். சிர்க்கானிலுள்ள யுரேனியமும் தோரியமும் சிதைவதால் படிகத்தின் அமைப்புக் குலைந்து விரிகிறது. சுற்றியுள்ள நீலத்தில் வட்டமாகப் பிளவுகள் உண்டாகின்றன. 1970கள் முதல், ‘கெவுடா’ எனப்படும் இலங்கையின் வெளிறிய பால்நிறக் குருந்தக்கற்கள் தாய்லாந்தில் மிகுவெப்பத்தில் சுடப்பட்டன. சூட்டில் ரூட்டைல் கரைந்து, அதிலுள்ள டைட்டேனியம் இரும்புடன் சேர்ந்து நீலநிறம் தருகின்றது. கல் தெளிவடைகின்றது, ஆனால் அதன் உள்வரலாறு அழிகின்றது. எனவே ஊசிகள் குலையாமலும் குழிகள் வெடிக்காமலும் இருத்தல், கல் சுடப்படாதது என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

மரகதத்திலும் இவ்வாறே. பழங்காலத்து எகிப்திய மரகதங்கள் மைக்கா மிகுந்த படலப்பாறையில் விளைந்தவை. அவற்றுள் மைக்காச் செதில்கள் கிடப்பது இயல்பு. கொலம்பிய மரகதங்களில் உப்புநீர், வளிமக் குமிழி, கனசதுர உப்புப் படிகம் ஆகிய மூன்றும் ஒரே குழியில் அமைந்திருக்கும். மரகதத்தின் உட்பொதிவுக் கூட்டத்தைப் பிரெஞ்சு வணிகர் ‘தோட்டம்’ என்னும் பொருளுடைய சொல்லால் அழைப்பர். 2000இல் கசுத்தோன் ஜியூலியானி குழுவினர் ஆக்சிசன் ஐசோடோப்புகளைக்கொண்டு பழைய மரகதங்களின் பிறப்பிடத்தை ஆராய்ந்தனர். ஐதராபாத்து நிசாமின் கருவூலத்தைச் சேர்ந்த நான்கு மரகதங்களும் அவற்றுள் இருந்தன. மூன்று கொலம்பியாவினுடையவை; ஒன்று ஆப்கானித்தானத்துப் பஞ்சசீர்ப் பள்ளத்தாக்கினது. எழுத்தாவணம் இல்லாத வணிகவழியை மணியே தன்னுள் காத்து வைத்திருந்தது.

குற்றமே குணமாதல்

பழைய மரபிலும் உட்பொதிவு முழுமையாக விலக்கப்படவில்லை. பூனைக்கண்ணுக்கு ஒப்பிடப்படும் வைடூரியத்தின் சிறப்பு அதன் குறுக்கே ஓடும் ஒளிக்கோடு. இணையாக நெருங்கிக் கிடக்கும் நுண்ணூசிகளோ நுண்குழல்களோ ஒளியைத் திருப்புவதால் அக்கோடு தோன்றுகின்றது. மாணிக்கத்திலும் நீலத்திலும் ரூட்டைல் ஊசிகள் மூன்று திசைகளில் அமைந்தால் ஆறு கதிர் விண்மீன் தோன்றும். உருசியாவின் உரால் மலையில் கிடைக்கும் பச்சைக் கார்னெட்டில் கிரைசோடைல் இழைகள் குதிரைவால் போல் விரிந்திருத்தல் அக்கல்லின் மதிப்பைக் கூட்டுகின்றது. ஆகவே குற்றம், குணம் என்பவை பொருளின் இயல்புகள் அல்ல. பார்ப்போரின் தேவையைச் சார்ந்த மதிப்பீடுகளே.

வயிரம் அடைகாத்த ஆழம்

உட்பொதிவின் மதிப்பு மிகுதியாக வெளிப்பட்டது வயிரத்தில்தான். வயிரம் தூய கரிமம் ஆதலால் அதன் வயதை அதனைக்கொண்டே கணிப்பது அரிது. 1984இல் இரிச்சர்ட்சன் குழுவினர் தென்னாப்பிரிக்க வயிரங்களுள் கிடந்த சிறு கார்னெட் படிகங்களை ஆராய்ந்து, அவை 320 முதல் 330 கோடி ஆண்டுகள் பழமையானவை எனக் கண்டனர். அவ்வயிரங்களை மேலே சுமந்துவந்த எரிமலைப் பாறையின் வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளே. வயிரம் அப்பாறையில் பிறந்ததன்று, அதனால் ஏற்றிவரப்பட்டது என்பதற்கு இஃது உறுதியான சான்றாயிற்று.

2014இல் கிரகாம் பியர்சன் குழுவினர் பிரேசிலின் சுயினா பகுதியில் கிடைத்த, வணிக மதிப்பில்லாத பழுப்பு வயிரம் ஒன்றனுள் ரிங்வுடைட் என்னும் கனிமத்தைக் கண்டனர். அதன் அளவு ஏறத்தாழ 40 மைக்ரோமீட்டர். அதற்குமுன் அது விண்கற்களிலும் ஆய்வகங்களிலுமே காணப்பட்டிருந்தது. நிலத்தின் அடியில் 410 முதல் 660 கிலோமீட்டர் வரையுள்ள இடைநிலை அடுக்கிற்குரிய கனிமம் அது. அதன் படிக அமைப்பில் எடையளவில் 1 விழுக்காட்டிற்கு மேல் நீர் பிணைந்திருந்தது. அவ்வாழத்தில் ஒரு பகுதியிலேனும் நீர் மிகுந்துள்ளது என்பதற்கு அத்துகள் நேர்ச்சான்றாயிற்று. விலைபெறும் வயிரமாயிருந்தால் அப்புள்ளி பட்டை தீட்டும்பொழுதே நீக்கப்பட்டிருக்கக்கூடும்.

இக்கனிமத்தை அடையாளம் காண உதவிய கருவிகளுள் ஒன்று இராமன் நிறமாலைமானி. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவே அதற்கு அடிப்படை. கல்லை உடைக்காமல், உள்ளிருக்கும் துகளின்மீது லேசர் ஒளியைக் குவித்து, திரும்பும் ஒளியின் மாற்றத்தைக்கொண்டு அக்கனிமம் இன்னதென அறிய அது வழிசெய்கின்றது. விளக்கு மாடத்தில் தொடங்கிய தேடல் இக்கருவியில் புதிய எல்லையை அடைந்தது எனலாம்.

உரைச்சொற்களும் இரு பிழைகளும்

மேற்கண்ட செய்திகளை உரைச்சொற்களோடு பொருத்துங்கால் இருவகைப் பிழைகள் நேரக்கூடும். ஒன்று, இவ்வறிவைப் பழையோர் முன்னரே பெற்றிருந்தனர் எனக் கூறல். அடியார்க்குநல்லார் உரையிலுள்ள ‘கரி’ என்னும் குற்றம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வயிரம் கரிமமே என்பது இலவாசியே 1772இல் தொடங்கிய எரிப்புச் சோதனைகளாலும், சுமித்சன் தென்னன்டு 1797இல் செய்த ஆய்வாலும் நிறுவப்பட்டது. ‘கரி’ என்னும் உரைச்சொல் கருமை கண்டு இட்ட பெயர், வேதியியல் கூற்றன்று. ஐரோப்பிய வணிகரும் வயிரத்தின் கரும்புள்ளிகளைக் கரிப்புள்ளி என்றே அழைத்தனர். அவற்றுள் சில கிராபைட்டு என்னும் உண்மைக் கரிமம். பல இரும்பு, நிக்கல் ஆகியவற்றின் சல்பைடுகள். இரு நாட்டு வணிகரும் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள்; அவ்வளவே.

மற்றொரு பிழை, இப்பட்டியல்கள் நால்வகை வருணம், நன்மை தீமை முதலிய நம்பிக்கைகளோடு கலந்திருத்தலால் அவற்றை முழுதும் புறந்தள்ளல். மரகதத்திற்குச் சொல்லப்பட்ட ‘கன்மணல்’ வெறும் கற்பனையில் பிறந்த சொல் அன்று. கல்லுக்குள் மணல்போல் கிடக்கும் வேற்றுத் துகளைக் கண்ணுற்றவன் இட்ட பெயர் அது. சரைமலம், சப்படி, இருத்து போன்ற சொற்களும் செய்யுள் வழக்கின் சாயல் இன்றி, கடைத்தெருவின் தொழில்வழக்காகவே ஒலிக்கின்றன. மணி வணிகரின் வாய்மொழி ஒரு காப்பிய உரையில் தங்கியிருத்தல் தமிழ்ச் சொல்வரலாற்றிற்குப் பெரும்பேறு. அகராதிகள் இவற்றை ‘வயிரக் குற்றத்துள் ஒன்று’ எனப் பொதுமையில் விட்டுவிடாமல், வடிவம், பிளவு, உட்பொதிவு என்னும் பகுப்பின்கீழ்ப் பொருள் வரையறுத்தல் வேண்டும்.

கலைச்சொல்லாக்கத்திலும் கருத்தூன்றுதல் வேண்டும். மணியின் உள்ளீட்டை ‘உட்குற்றம்’, ‘மாசு’ எனப் பெயர்த்தால் மதிப்பீடு சொல்லிலேயே புகுந்துவிடும். அப்புள்ளியே சான்று என்னும் கருத்தைப் பின்னர் அச்சொல்லால் உரைக்க இயலாது. மதிப்பீடு கலவாத ‘உட்பொதிவு’ என்பதே பொருத்தமாகும். பழைய நூல்களை விளக்குமிடத்துக் ‘குற்றம்’ என்பதையும், இன்றைய அறிவியலைக் கூறுமிடத்து ‘உட்பொதிவு’ என்பதையும் ஆளுதல் இரு காலத்தையும் மயங்காமல் காக்கும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. சிலப்பதிகாரமும் அதன் உரையும் தரும் மணிக்குற்றப் பட்டியல்கள், வடிவம், பிளவு, உட்பொதிவு என்னும் மூன்றையும் பிரித்தறிந்த கண்களின் பதிவாகும்.

2. உட்பொதிவு சான்றாக மாறியதற்கு நுண்ணோக்கியும் 1902இல் வெளிப்பட்ட செயற்கை மாணிக்கமும் முதன்மைக் காரணங்களாகும்.

3. காசுமீர நீலம், இலங்கை நீலம், கொலம்பிய மரகதம் ஆகியவற்றின் பிறப்பிடத்தை அவற்றின் உட்பொதிவுகள் காட்டுகின்றன. சூடேற்றுதல் அச்சான்றை அழிக்கின்றது.

4. உரைச்சொற்களில் இன்றைய அறிவியலை ஏற்றிக் காண்பதும், அவற்றை மூடநம்பிக்கையென ஒதுக்குவதும் ஒருங்கே தவிர்க்கத்தக்கவை. அவை தொழில்வழக்குகளாக ஆராயத்தக்கவை.

குற்றமற்ற மணியைத் தேடியோர் குற்றங்களுக்குப் பெயரிட்டனர். பெயரிட்டதால் அவற்றைக் கூர்ந்து கண்டனர். அவர்கள் விலக்கிய புள்ளிகளே இன்று மணியின் வரலாற்றைச் சொல்கின்றன. அவர்கள் இட்ட பெயர்களோ அக்காலத் தமிழ் வணிகரின் அறிவுக்குச் சான்றாக நிற்கின்றன.